அறுபத்தைந்தாவது அட்டை

இரத்தத்தைப் பேசவைக்க ஒரு ரூபாய் அட்டை போதும் என்று ஆன பிறகு, செங்கமலபுரத்தில் மனிதர்கள் பேசுவதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒருவன் "நான் அப்படிச் செய்யவில்லை" என்றால் ஊரார் அவன் முகத்தைப் பார்ப்பார்கள்; அவன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று யோசிப்பார்கள்; மிஞ்சிப்போனால் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். இப்போது விரலை நீட்டச் சொன்னார்கள்.

அது செங்கண் காய்ச்சலின் மூன்றாம் ஆண்டு. காய்ச்சலுக்கு ஊசி வந்திருந்தது. ஊருக்கு இத்தனை என்று அளந்து வந்தது. ஊசி போட்டுக்கொண்ட உடம்பு இரத்தத்துக்குள் ஒரு காவல் படையை நிறுத்திவைக்கும். எதிர்ப்பொருள் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தக் காவல் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான் அட்டை. தீப்பெட்டி லேபிளைவிடச் சற்று நீளமான தாள் அது. ஒரு முனையில் ஒரு சொட்டு இரத்தமும் இரண்டு சொட்டு மருந்து நீரும் விட்டால் ஈரம் ஊர்ந்து போகும். அருகில் ஒரு நீலக் கோடு எழும்பினால் அட்டை வேலை செய்கிறது என்று பொருள். மறுமுனையில் சிவப்புக் கோடு எழும்பினால் காவல் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் தெரிவது வெறும் கறையாக இருக்கக்கூடும் என்று விதி. பார்த்த அட்டையை உடனே நெருப்பில் போட்டுவிடுவார்கள்.

அந்த ஊரில் அறுநூற்று நாற்பது பேருக்குக் கிராமச் செவிலியர் தேவகிருபை ஊசி போட்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து வெளியூர்க் குழு ஒன்று வந்து, ஒரே காலைப் பொழுதில் அத்தனை பேர் விரலையும் குத்திப் பார்த்தது. அறுபத்தைந்து பேருக்குச் சிவப்புக் கோடு வரவில்லை.

கோடு வராதவர்கள் பேருந்தில் ஏறக்கூடாது, பட்டறைக்குள் நுழையக்கூடாது, ரேஷன் கடையில் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். ஊர் ஒருகாலத்தில் கட்டிவைத்திருந்த கயிறுகளை அவிழ்க்கவே இரண்டு தலைமுறை ஆயிற்று. புதுக் கயிறு கட்ட அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

கயிற்றுக்கு அப்பால் நின்றவர்களில் பூரணமும் ஒருத்தி. அவள் கணவர் ராஜகனிதான், "பத்துல ஒன்னு. கணக்குச் சரியா இருக்கு பாத்தீகளா? பத்து ஊசிக்கு ஒன்ன வித்துட்டு, தண்ணியக் குத்தியிருக்கா நர்சு" என்று தேநீர்க் கடையில் முதன்முதலில் சொன்னவர். சொன்னதோடு நில்லாமல் மனு எழுதி, முப்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கினார். அவர் பேச்சை ஊர் தட்டவில்லை, காரணம் இருந்தது. மாவட்டம் முழுவதற்கும் அந்த அட்டைகளை அச்சடித்தது அவ்வூர் அச்சகம். அங்கே முப்பத்தோரு ஆண்டுகளாகத் தாள் வெட்டுபவர் ராஜகனி. அட்டையைப் பெற்றெடுத்தவரே சொல்லும்போது மற்றவர் என்ன சொல்ல?

மனுவின் பேரில் மாவட்டத்திலிருந்து விசாரணை வந்தது. அதற்கு முந்தின நாள் மாலை, வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் தனியாக இருந்த பூரணத்துக்குச் சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, ராஜகனி விதிப்படி நான்கடி தள்ளி நின்றார்.

"நாளைக்குக் கூட்டத்துல நீங்க எந்திரிச்சுப் பேச வேண்டாம்" என்றாள் பூரணம்.

"ஏன்?"

"அந்தப் பிள்ள பாவம்."

"நாம பாவமில்லையா? உன் கையில பச்சத் தண்ணிய ஏத்திட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிருக்கா. நீ என்னடான்னா அவளுக்கு வக்காலத்து வாங்குத!"

"தண்ணியத்தான் ஏத்துனான்னு நீங்க பாத்தீகளா?"

"அட்டை பாத்துச்சு."

பூரணம் எதையோ சொல்ல வாயெடுத்து, சோற்றைப் பிசையத் தொடங்கினாள். ராஜகனிக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிணற்றடியில் இவளும் தேவகிருபையும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். மிரட்டி வைத்திருக்கிறாளோ? இல்லை, விற்ற ஊசியில் இவளுக்கும் பங்கு உண்டோ? அப்படி நினைத்ததற்காக அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. சந்தேகம் கறையானைப் போன்றது. அடுத்த வீட்டு உத்தரத்தில் விட்டால் அங்கேயே இருக்கும் என்று எண்ணுவது மனிதனின் பேதைமை.

மறுநாள் விசாரணை பதினொரு மணிக்கு. எட்டரைக்கே அச்சகத்துக்கு வந்த ராஜகனி, வெட்டும் இயந்திரத்தின் ஓரத்தில் தேநீர்க் குவளையை வைத்தார். வைத்த இடத்தில் ஒரு கழிவுத் தாள் கிடந்தது. அட்டைக்கான தாள், மையொற்றும் தாளைப் போல நீரை உறிஞ்சுவது. குவளையின் அடியிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

வட்டமாகப் பரவ வேண்டிய சொட்டு, கோழிமுட்டை வடிவில் நீண்டது.

தாள் வேலைக்காரனுக்கு இது புதிதல்ல. வாரிவிட்ட கூந்தலைப் போலத் தாளிலும் நார் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். நார் வாட்டத்தில் கிழித்தால் நேராகக் கிழியும்; குறுக்கே கிழித்தால் பல்லிளிக்கும். ஈரமும் நாரோடு ஓடும், குறுக்கே தவழும். ராஜகனி சொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கண் அடுக்கி வைத்திருந்த அச்சுத் தாளுக்குப் போயிற்று.

ஒரு தாளில் முன்பு முப்பத்தாறு அட்டைகள்தாம் அமைந்தன. வலது ஓரத்தில் ஒரு பட்டை வீணாகக் கழிந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பட்டையில் நான்கு அட்டைகளைக் குறுக்கே திருப்பிப் போட்டுத் தாளுக்கு நாற்பதாக ஆக்கியவர் அவரே; ஒரு தாளின் அட்டைகள் ஒரு கட்டு. அதற்காக ஆயுத பூஜையன்று முதலாளி அவருக்கு மாலை போட்டார். நாட்காட்டிக்கும் பட்டாசு உறைக்கும் காலங்காலமாக இப்படித்தான் திருப்பிப் போடுவது வழக்கம். முருகன் படத்துக்கு நார் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? முப்பத்தோரு ஆண்டுகளாக அவர் வெட்டிய தாள் எதிலும் எதுவும் ஓட வேண்டியிருந்ததில்லை. இந்தத் தாளில் இரத்தம் ஓட வேண்டியிருந்தது.

நேர் அட்டை ஒன்றையும் குறுக்கு அட்டை ஒன்றையும் எடுத்து, இரண்டின் முனையிலும் தேநீரைச் சொட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காம் நிமிடத்தில் நேர் அட்டையின் மறுமுனை நனைந்தது. குறுக்கு அட்டையில் ஈரம் நீலக் கோட்டின் இடத்தைத் தாண்டிவிட்டு, பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையைத் தொடும்போது பதினோரு நிமிடம்.

"ஞானம்..." என்று கூப்பிட்டார்.

அச்சு இயந்திரத்தை ஓட்டும் ஞானதிரவியம் வந்து பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டார், தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கதை சொல்லுதேன், கோவிக்கக்கூடாது. ஒரு ஊர்ச் சந்தையில தராசு கோணலா இருந்துச்சாம். வெல்லம் கொண்டு வந்தவன் எல்லாம் எடை குறைச்சவன்னு புளிய மரத்துல கட்டி வச்சாகளாம். ஒரு நாள் தராசுக்காரன் தன் வீட்டு வெல்லத்த வச்சானாம். அதுவும் குறைஞ்சுது."

"அப்ப அவன் கண்ணு தெறந்துச்சா?"

"தெறந்துச்சு. தராசைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டு, 'ஐயோ, தராசு களவு போச்சே'ன்னு இன்னொருத்தனப் பிடிச்சு மரத்துல கட்டினான்."

ராஜகனிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் முதலாளி கனகசுந்தரம் அந்தக் கதையைக் கேட்டிருந்தால் நல்ல யோசனை என்றே சொல்லியிருப்பார். விவரத்தைக் கேட்டதும் அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

"இத யாருகிட்டயும் மூச்சு விடாத. அடுத்த தாள்ல இருந்து நேரா வெட்டு, முடிஞ்சது. இப்ப நீ போயிச் சொன்னா நம்புவாகன்னா நெனைக்க? பொண்டாட்டிக்காகக் கத கட்டுதான்னுதான் சொல்லுவாக. அச்சாபீசும் போகும், நீயும் போவ."

"அந்த நர்சம்மா போகுமே, மொதலாளி?"

"அத அனுப்புறதுக்கு மனு எழுதினது யாரு? நானா?"

ராஜகனி உறை பிரிக்காத அட்டைக் கட்டு இரண்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். நடக்கும்போது அவர் நெஞ்சில் குற்ற உணர்ச்சி இருந்தது. அதைவிடப் பெரிதாக ஓர் ஆறுதலும் இருந்தது. பூரணத்துக்குக் கோடு உண்டு. அவளை யாரும் ஏமாற்றவில்லை.

சமுதாயக் கூடம் நிரம்பியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் அறுபத்தைந்து பேரும் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் மாவட்டத்திலிருந்து வந்த டாக்டர் நூருன்னிசா. அவர் முன்னால் ராஜகனியின் மனு. பிளாஸ்டிக் நாற்காலியில் தேவகிருபை, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணாச்சி" என்றாள் அவள். "கடைசி ஆணிய அடிக்க உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தாக."

"ஆணியப் புடுங்க வந்திருக்கேம்மா" என்றார் ராஜகனி. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நாரைச் சொன்னார், நான்கு அட்டையைச் சொன்னார், யார் கை அதைத் திருப்பியது என்பதையும் சொன்னார்.

கூடத்தில் இரைச்சல் எழுந்தது.

"நேத்து வரைக்கும் தண்ணின்னாரு, இன்னைக்குத் தாளுங்கிறாரு!"

"சம்சாரத்தக் கயித்துக்கு இந்தப் பக்கம் இழுக்க வழி பாக்காரு, வேற என்ன?"

"நர்சு எவ்வளவு குடுத்துச்சு அண்ணாச்சி?"

டாக்டர் கையை உயர்த்தினார். "பெரியவரே, ஒரு கட்டுல நாற்பது அட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கு. எது குறுக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கட்டைவிரலுக்குத் தெரியும்மா."

ஒரு கட்டை டாக்டரிடம் கொடுத்து, அவர் கையாலேயே உறையைப் பிரிக்கச் சொல்லி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தார். நார் வாட்டம் நீளவாக்கில் இருந்தால் அட்டை முறைத்துக்கொண்டு நிற்கும். குறுக்கே இருந்தால் சொன்னபடி வளையும். நாற்பதில் நான்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் ரத்தத்தையே எடுங்க. எனக்குக் கோடு உண்டுன்னு ஊருக்கே தெரியும்."

ஒரே விரல், இரண்டு அட்டைகள். ஐந்தாம் நிமிடத்தில் நேர் அட்டையில் சிவப்புக் கோடு குங்குமமாக நின்றது. குறுக்கு அட்டை வெறுமையாகக் கிடந்தது. டாக்டர் இரண்டாம் முறையும் செய்து பார்த்தார். மூன்றாம் முறை தன் இரத்தத்திலேயே செய்து பார்த்தார்.

"பதினோரு பேர்" என்றார் கடைசியில், யாரிடமும் அல்லாமல். "இந்த மாவட்டத்துல எந்த ஊருக்குப் போனாலும் பத்துல ஒன்னு. நர்சுங்க எல்லாம் சேர்ந்து கூட்டுக் களவு பண்றாங்கன்னு நெனச்சோம். பதினோரு பேரை வேலைய விட்டு அனுப்பி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

தேவகிருபை அப்போதுதான் முதன்முறையாகத் தலையைக் குனிந்தாள்.

"ஆனா ஒரு விஷயம்" என்று டாக்டர் நிமிர்ந்தார். "இந்த ஊருக்கு வந்தது பதினாறு கட்டு. கட்டுக்கு நாலுன்னா அறுபத்து நாலு. வெளியில நிக்கிறது அறுபத்தஞ்சு பேர். ஒரு ஊசிக்குக் கணக்கு இல்லை. ஒன்னை வித்திருந்தாலும் வித்ததுதான். எல்லாரையும் நேர் அட்டையில மறுபடி பார்த்துடலாம்."

பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டார்கள். ராஜகனி கட்டைவிரலால் வளைத்து நேர் அட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தார். முதல் பத்துப் பேருக்கும் கோடு வந்தது. இரண்டாம் பத்துக்கும் வந்தது. கோடு வந்தவர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். ஒரு கிழவர் தன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் கூட்டம் குறையக் குறைய, மகிழ்ச்சியும் குறைந்தது. அந்த ஒன்று யார்? மிச்சமிருந்தவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் ஓரடி தள்ளி நின்றார்கள். காலையில் ஒன்றாக அழுதவர்கள், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் கடைக்கண்ணால் அளந்தார்கள்.

கடைசியில் ஐந்து பேர். நான்கு கோடுகள் எழும்பின. ஐந்தாவது அட்டை பூரணத்துடையது.

நீலக் கோடு வந்தது. மூன்று நிமிடம். நான்கு. தாளின் மறுமுனை நனைந்து, வெள்ளையாகவே இருந்தது. ஐந்து.

"பெரியவரே" என்றார் டாக்டர். "இது நேர் அட்டைதானா? கை தவறிக் குறுக்கு வந்திருச்சா?"

கூடம் முழுவதும் அவர் கட்டைவிரலைப் பார்த்தது. காலையில் பொய்யன் என்று இரைந்தவர்கள் இப்போது அவர் வாயிலிருந்து வருவதை வேதமாக ஏற்கக் காத்திருந்தார்கள். அட்டையை எடுத்து வளைத்தார். அது முறைத்துக்கொண்டு நின்றது.

"குறுக்குதாம்மா" என்றார் ராஜகனி. "கை தவறிருச்சு."

"பொய் சொல்லாதீக" என்றாள் பூரணம்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. "அட்டை நேருதான். நான்தான் ஊசி போட்டுக்கிடல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "செவிலியர் உங்களுக்குப் போட்டதா பதிவேட்டுல இருக்கே?"

"எம்பேரச் சொல்லி, என் சீட்டைக் குடுத்து, வேற ஒருத்திய அனுப்பினேன். முகத்துல முகமூடி. இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

தேவகிருபை நாற்காலியிலிருந்து எழப்போனாள், வாய் திறந்தது. பூரணம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. இந்த ஒரு பார்வையை அந்தக் கூடத்தில் ராஜகனி மட்டுமே கண்டார். கிணற்றடிப் பேச்சு இதைப் பற்றியதுதான், தேவகிருபை தெரிந்தேதான் அந்த ஊசியைப் போட்டிருக்கிறாள் என்பதும் அவருக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று.

"யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"அது அட்டையில தெரியாதும்மா."

"ஆள் மாறாட்டம் பண்ணினா நாற்பது நாள் தனிமை முகாம்ல வைப்பாங்க. தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

டாக்டர் சற்று நேரம் பூரணத்தையும், பிறகு தேவகிருபையையும் பார்த்தார். அவருக்கும் ஏதோ புரிந்ததா என்பதைச் சொல்ல முடியாது. பேனாவை எடுத்து, தேவகிருபையின் பெயருக்கு நேரே 'குற்றமில்லை' என்று எழுதினார். அதன் கீழே வேறு பதினோரு பெயர்களை நினைவிலிருந்தே எழுதத் தொடங்கினார்.

முகாம் வண்டி வரும்வரை பூரணம் வேப்பமரத்தடியில் நின்றாள். அறுபத்து நான்கு பேர் இந்தப் பக்கம் வந்துவிட, கயிறு இப்போது அவள் ஒருத்திக்காக நின்றது. ராஜகனி கயிற்றின் அருகில் போனார். விதி சொன்ன நான்கடியை மறந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"இந்த ஒன்னச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீக? மிச்ச அறுபத்து நாலும் இதே கததான்னு மனுவுல சேத்து எழுதியிருப்பீக. அந்தப் பிள்ளையும் போயிருக்கும், ஊசி வாங்கினவளையும் ஊர விட்டு வெரட்டியிருப்பாக."

ராஜகனி ஆமென்று தலையாட்டினார்.

"பட்டியல்ல பேரு இல்லாதவுகளுக்கு ஊசி கெடையாதுன்னு சொன்னாக" என்றாள் பூரணம். "காய்ச்சலு என்ன, பட்டியலப் பாத்தா வருது?"

பட்டியலில் பெயர் இல்லாதவள். ராஜகனியின் மனம் உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. பட்டாசுக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத்தார் எவருக்கும் பட்டியலில் பெயர் இல்லை. அவர்களில் பூரணத்தோடு பழகியவர்கள் எத்தனை பேர்? இவள் உயரம், இவள் பருமன் யாருக்கு இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு முன்...

வண்டி வந்தது. பூரணம் ஏறினாள். வண்டி திரும்பிய திக்கில், சாலையின் மறுபுறத்தில், கொட்டகைக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்தியபடி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின.

ராஜகனியின் கண் அவள் முகத்தை எட்டுவதற்கு முன், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"யாரண்ணாச்சி அது? தெரிஞ்ச பொம்பளையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க? நான் யாரையும் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.